முடிவு தெரிந்த கதை



"நல்ல கதை எழுத எதைப் படிக்கலாம்? எதைப் பார்க்கலாம்?" என்று நம் மன்றத்திற்குப் புதிதாக வரும் தம்பி தங்கையர் கேட்பதுண்டு. மேலைநாட்டு மேதைகளின் பெயர்களை வரிசையாக அடுக்கிவிடுவது எளிது. நான் அவ்வாறு செய்யப்போவதில்லை. நான் வாழ்வது அத்திபெலே. கருநாடகத்தின் எல்லைப்புற ஊர். ஓசூர்ச் சாலையில் வளைவைத் தாண்டினால் தமிழ்நாடு. எங்கள் தேநீர்க் கடையில் கன்னடமும் தமிழும் தெலுங்கும் ஒரே பலகையில் அமர்ந்து பேசும். அந்த ஊரைச் சுற்றியுள்ள மண் தந்த சில நூல்களையும், அவற்றோடு இரண்டொரு தொலைக்காட்சித் தொடர்களையும் மட்டும் சொல்ல விரும்புகிறேன். அவை அனைத்தும் கற்பிக்கும் பாடம் ஒன்றே.

நம்மில் பலருக்கு ஓர் எண்ணம் உண்டு. முடிவை ஒளித்து வைத்திருந்து, கடைசி வரியில் படிப்பவரைத் திடுக்கிடச் செய்வதே கதைக்கலை என்பது அந்த எண்ணம். அது உண்மையாயின், முடிவு தெரிந்த கதையை எவரும் இரண்டாம் முறை கேட்கமாட்டார் அல்லவா? ஆனால் நடப்பது என்ன? கிருட்டிணகிரி, தருமபுரிப் பக்கத்து ஊர்களில் திரௌபதி அம்மன் திருவிழாவில் பாரதக் கூத்து நடக்கிறது. துரியோதனன் வீழ்வான் என்பது மடியில் உறங்கும் குழந்தைக்கும் தெரியும். ஆயினும் மக்கள் பனியில் பாய் விரித்து விடியுமட்டும் அமர்ந்திருக்கிறார்கள். ஏன்?

இதற்கு விடை தேட, முதலில் ஓசூரை அடுத்த தொரப்பள்ளிக்குச் செல்வோம். 1878இல் இராஜாஜி பிறந்த ஊர் அது. பெங்களூர் சென்ட்ரல் கல்லூரியில் பயின்று, பின்னர் நாட்டின் தலைமை ஆளுநராகவும் விளங்கிய அவர், 'வியாசர் விருந்து', 'சக்கரவர்த்தித் திருமகன்' என்னும் இரு நூல்களில் பாரதத்தையும் இராமாயணத்தையும் எளிய உரைநடையில் சொன்னார். பின்னதற்கு 1958ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமிப் பரிசு கிடைத்தது. இயல்கள் சிறியவை, சொற்கள் வீட்டில் புழங்குபவை. வால்மீகி இப்படிச் சொன்னார், கம்பர் இப்படி மாற்றினார் என்று இடையிடையே நிறுத்தி நம்மோடு பேசவும் செய்கிறார். கதை தெரிந்தவரிடம் பேசுகிறோம் என்ற மதிப்பு அந்தப் பேச்சில் இருக்கிறது.

என் தங்கை படிப்பது கன்னடமும் ஆங்கிலமும். தமிழ் பேசுவாள், எழுத்துக் கூட்டிப் படிக்க வராது. ஆகவே அவளுக்குக் கிடைக்கும் தமிழ் இலக்கியம் என் வாய் வழியே செல்வதுதான். நான் இரண்டு வரி சோர்ந்து படித்தால் போதும், அவள் கை கைப்பேசியைத் தேடிப் போகும். ஓரிரவு அவளுக்குச் 'சக்கரவர்த்தித் திருமகன்' படித்தேன். நாளைக்கு முடிசூட்டு விழா. ஊரெங்கும் தோரணம். மகிழ்ச்சியோடு தசரதன் கைகேயியின் மாளிகைக்குப் புறப்படுகிறான். தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, அவர் இன்னைக்கு ஒரு நாள் அங்கே போகாம இருந்தா என்ன?" என்றாள். காட்டுக்குப் போவதும் திரும்பி வருவதும் அவளுக்கு முன்பே தெரியும். தெரிந்திருந்தும் அதைத் தடுத்துவிடத் துடித்தாள். தசரதனுக்குத் தெரியாதது அவளுக்குத் தெரிந்திருந்ததே அந்தத் துடிப்புக்குக் காரணம்.

இதுதான் நான் கண்ட பாடம். கேட்பவரிடம் மறைப்பதால் பிறப்பது ஒரு நொடித் திகைப்பு. கேட்பவருக்கு முன்கூட்டியே தெரிவிப்பதால் பிறப்பதோ பக்கம் பக்கமாக நீளும் பதைப்பு. ஆங்கிலத் திரைப்பட இயக்குநர் ஆல்பிரட் ஹிட்ச்காக் இதையே ஓர் எடுத்துக்காட்டால் விளக்கினார். இருவர் பேசிக்கொண்டிருக்கும் மேசைக்கடியில் வெடிகுண்டு இருக்கிறது. அது திடீரென வெடித்தால் நமக்குச் சில நொடி அதிர்ச்சி. குண்டு இருப்பதை முன்பே காட்டிவிட்டால், அவர்கள் பேசும் வெற்றுப் பேச்சும் நம்மை நடுங்க வைக்கும்.

எங்கள் ஊருக்கு வடகிழக்கே மாலூர் வட்டத்தில் மாஸ்தி என்று ஓர் ஊர் உண்டு. அவ்வூரின் பெயரைத் தம் பெயரோடு தாங்கிய மாஸ்தி வெங்கடேச ஐயங்கார் (1891-1986) வீட்டில் பேசியது தமிழ்; எழுதியது கன்னடம். கன்னடச் சிறுகதையின் தந்தை என்று அவரைப் போற்றுகிறார்கள். குடகு நாட்டின் கடைசி மன்னனைப் பற்றிய அவருடைய 'சிக்கவீர ராஜேந்திர' புதினம் 1983ஆம் ஆண்டின் ஞானபீடப் பரிசைப் பெற்றது. தமிழிலும் மொழிபெயர்ப்பு உண்டு. 1834இல் குடகு ஆங்கிலேயர் கைக்குப் போனது வரலாறு. மறைக்க அங்கே ஒன்றுமில்லை. ஓர் அரசு எப்படி உள்ளிருந்தே உளுத்துப்போகிறது என்பதைத்தான் நாம் பக்கந்தோறும் பார்க்கிறோம்.

இனி, மைசூரில் நெடுங்காலம் வாழ்ந்த ஆர். கே. நாராயண். தமிழ்க் குடும்பத்தில் பிறந்து ஆங்கிலத்தில் எழுதியவர். அவருடைய 'ஒரு குதிரையும் இரண்டு ஆடுகளும்' என்ற பொருள்படும் சிறுகதையை எல்லைப்புறத்தில் வாழும் நாம் அவசியம் படிக்கவேண்டும். ஏழைக் கிழவர் முனிக்குத் தெரிந்தது தமிழ். காரில் வந்த அமெரிக்கருக்குத் தெரிந்தது ஆங்கிலம். இவர் கேட்பது ஊர் எல்லையிலுள்ள மண்குதிரையை. அவர் விற்பதாக நினைப்பது தம் ஆடுகளை. ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியவில்லை. இருவர் பேச்சும் புரிவது நமக்கு மட்டுமே. சிரிப்பும் இரக்கமும் சேர்ந்து வருவது அதனால்தான்.

நாராயணின் கதைகளை 1986-87இல் 'மால்குடி டேஸ்' என்ற தொடராகத் தூர்தர்ஷனுக்கு இயக்கியவர் கன்னட நடிகர் சங்கர் நாக். படப்பிடிப்பின் பெரும்பகுதி நடந்தது சிவமொக்கா மாவட்டத்து ஆகும்பேயில். அதில் சுவாமி என்னும் சிறுவன் இருட்டில் தனியே படுக்க அஞ்சுவதைப் பாருங்கள். அவனுடைய அச்சம் நமக்குத் தெரிந்துவிட்டதால், விளக்கை அணைப்பதே பெரிய நிகழ்ச்சி ஆகிவிடுகிறது. அடுத்து 'கொலம்போ' என்னும் அமெரிக்கத் துப்பறியும் தொடரைப் பாருங்கள். கொலை செய்தவர் யார் என்பதைப் பெரும்பாலும் தொடக்கத்திலேயே காட்டிவிடுவார்கள். கசங்கிய மேலங்கி அணிந்த அந்தத் துப்பறிவாளர் அவரை எப்படி நெருங்குகிறார் என்பதே கதை.

1987-88இல் ஞாயிறு காலைகளில் வந்த இராமானந்த சாகரின் 'இராமாயண'த்தை 2020ஆம் ஆண்டு ஊரடங்கின்போது தூர்தர்ஷன் மீண்டும் ஒளிபரப்பியது. எங்கள் பாட்டிக்கு இந்தி ஒரு சொல்லும் தெரியாது. கதை முழுவதும் தெரியும். ஒரு நாள்கூட விடாமல் பார்த்தார். உரிய இடத்தில் கண்ணீரும் விட்டார்!

தோழர்களே, நமக்கு இது வெறும் கலை விளையாட்டன்று. பிழைப்புக்காகவும் படிப்புக்காகவும் எல்லை தாண்டி வந்த குடும்பங்கள் நம்முடையவை. தமிழ் எழுத்தறியாத தம்பியும் தங்கையும் நம்மில் பலர் வீட்டில் வளர்கிறார்கள். கட்டாயப்படுத்தி அவர்களை மொழியில் நிறுத்திவைக்க முடியாது. "அப்புறம் என்ன?" என்று அவர்கள் கேட்கும் வரைதான் தமிழ் அவர்களிடம் இருக்கும்.

ஆகவே அடுத்த மலருக்கு எழுத உட்காரும்போது ஒன்று செய்யுங்கள். கடைசி வரிக்காகச் சேமித்து வைத்திருக்கும் செய்தியை முதல் பக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். எழுதியதை வீட்டில் யாருக்கேனும் உரக்கப் படித்துக் காட்டுங்கள். அதன் பின்னும் அவர்கள் எழுந்து போகாமல் இருந்தால், அது கதை. அதை மன்றத்திற்கு அனுப்புங்கள், படிக்கக் காத்திருக்கிறோம்.