அறுநூறு மில்லிமீட்டர்

598 மில்லிமீட்டர் அகலமுள்ள இயந்திரம் 564 மில்லிமீட்டர் இடத்துக்குள் போகாது. ரெடிமேட் அலமாரி போட்ட சமையலறைக்குப் பாத்திரம் கழுவும் இயந்திரம் வாங்குகிறவர்கள் முதலில் இடறுவது இந்தச் சின்னக் கணக்கில்தான். கடையில் "ரெண்டடி பாக்ஸ்" என்று சொல்லி விற்பது 600 மில்லிமீட்டர் பெட்டி. அது வெளி அளவு. இரண்டு பக்கமும் 18 மில்லிமீட்டர் பலகை போக உள்ளே மிஞ்சுவது 564. உள்தட்டைக் கழற்றிவிட்டு இயந்திரத்தைத் தள்ளிவிடலாம் என்று நம்பி வாங்கியவர்களின் வீட்டு வரவேற்பறையில் அது அட்டைப்பெட்டியோடு நிற்கும்.

கோயம்புத்தூர் போத்தனூரில் நான் போன வீட்டிலும் அப்படித்தான் நின்றது. வீட்டுக்காரர் ரயில்வே சிக்னல், தொலைத்தொடர்புப் பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 1862இல் ரயில் வந்த ஊர் இது. இங்கே தெருவுக்கு ஒருவராவது ரயில்வேயில் இருந்திருப்பார். அவருடைய மனைவிக்கு விரல் மூட்டுகளில் வலி. சோப்புத் தண்ணீரில் கை வைத்தால் தோல் வெடிக்கிறது. பெங்களூரிலிருக்கும் மகள் இயந்திரத்தை வாங்கி அனுப்பிவிட்டாள். இயந்திரத்தோடு இலவசமாக வரும் பொருத்தும் சேவையில் தண்ணீர்க் குழாய் மாட்டுவதும் ஒருமுறை ஓட்டிக் காட்டுவதும் உண்டு. அலமாரியைத் தொடுவது கிடையாது. அதனால் ஆசாரியைக் கூப்பிட்டார்கள். அந்த ஆசாரி அண்ணனின் வேலையைப் பார்க்கத்தான் நான் போயிருந்தேன்.

அவர் சுந்தராபுரம் பக்கத்துக்காரர். கதவு, நிலை, கட்டில் என்று மர வேலையில் தொடங்கி, பிளைவுட்டுக்கும் லேமினேட்டுக்கும் வந்தவர். வந்ததும் இயந்திரத்தின் பக்கம் திரும்பவே இல்லை. தரையில் உட்கார்ந்து ரசமட்டத்தை வைத்தார். பிறகு சிங்க்குக்கு அடுத்த பாக்ஸின் கதவைக் கழற்றி, தரையிலிருந்து கிரானைட் அடிப்பக்கம் வரை டேப்பைப் பிடித்தார்.

"மேல வரைக்கும் முப்பத்திமூணு இஞ்சு. அடியில எண்ணூத்தி நாலு எம்எம்தானுங்க இருக்குது. மிசினு எண்ணூத்திப் பதினஞ்சு கேக்குது. மூணு நூலுக்கு மேல பத்தலீங்க."

ஓர் அங்குலத்தில் எட்டு நூல். ஒரு நூல் மூன்று மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல். அந்த அளவிலேயே வாழ்நாளெல்லாம் மரம் அறுத்தவர், இப்போது இயந்திரக் கையேட்டுக்காக மில்லிமீட்டருக்கு மாறி மாறிப் பேசுகிறார். வீட்டுக்காரர் தன் பங்குக்கு உள்ளேயிருந்து வெர்னியர் காலிப்பரை எடுத்து வந்து பலகையின் கனத்தை அளந்தார். இருவரும் ஒத்துப்போனதும் விடை கிடைத்தது: கிரானைட்டுக்கு அடியில் 18 மில்லிமீட்டர் பிளைவுட் ஒன்று விரித்திருக்கிறார்கள். அதை இயந்திரம் நிற்கிற இடத்தில் மட்டும் அறுத்தெடுத்தால் 822 கிடைக்கும்.

சொல்வது சுலபம். கல்லுக்கு அடியில் ஒட்டியிருக்கும் பலகையைக் கல்லில் கீறல் விழாமல் அறுப்பதற்கு அன்றைய முற்பகல் முழுவதும் போயிற்று. முதலில் பாக்ஸை முழுதாக வெளியே எடுத்தார்கள். கூட வந்த ராஜஸ்தான் பையன் கொங்குத் தமிழில் "அண்ணா, அக்கட்ட புடிச்சுக்கறனுங்க" என்று கல்லுக்கு அடியில் முட்டுக் கொடுத்தான். அண்ணன் மல்லாந்து படுத்து, வெட்டும் ஆழத்தைப் பதினேழு மில்லிமீட்டரில் நிறுத்திக்கொண்டு கோடு போட்ட இடத்தில் அறுக்கும் மிசினை ஓட்டினார். கடைசி ஒரு மில்லிமீட்டரை உளியால் செதுக்கினார். மரத்தூள் முகத்தில் கொட்டிக்கொண்டே இருந்தது. கண்ணாடி போட்டிருந்தார், முகக்கவசம் இல்லை. பிளைவுட் தூசி நுரையீரலுக்கு நல்லதல்ல என்று அவருக்கும் தெரியும்; முகத்தில் மாட்டினால் மூச்சுவிட முடியவில்லை என்கிறார். இந்த வேலைக்கு ஆளனுப்புகிறவர்கள் நல்ல முகக்கவசமும் தூசி உறிஞ்சியும் சேர்த்து அனுப்ப வேண்டும். அதைக் கேட்கக்கூடிய நிலையில் அவர் இல்லை.

பாக்ஸை எடுத்துவிட்டதால் இடப்பக்க, வலப்பக்க அலமாரிகளின் பலகைகளே இனி இயந்திரத்துக்குச் சுவர். அந்த இடைவெளி 600 இருக்க வேண்டும், இயந்திரம் 598. ஆக மிஞ்சுவது முக்கால் நூல்கூட இல்லை. ஆனால் இடைவெளி மேலே 600, கீழே 597 என்றிருந்தது. வலப்பக்க அலமாரியின் கால்களைத் திருகி, பலகையைத் தூக்குக்குண்டுக்கு நேராகக் கொண்டுவந்தார்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். இந்த 60 சென்டிமீட்டர் ஐரோப்பியச் சமையலறையின் அளவு. ஜோசபின் காக்ரேன் 1886இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற இயந்திரமும், 1929இல் மீலே நிறுவனம் ஜெர்மனியில் கொண்டுவந்த மின்சார இயந்திரமும் தனியாக நின்றவை. அலமாரிக்குள் ஒளிந்துகொள்ளும் இயந்திரம் பின்னால் வந்தது, அலமாரியின் அளவோடு சேர்ந்து வந்தது. கோயம்புத்தூருக்கு இது புது அனுபவம். இங்கே 1955இல் பி. சபாபதி செய்த கிரைண்டர் நம் உரலிலிருந்தும் நம் மாவிலிருந்தும் பிறந்தது. புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது. அதை எந்த மூலையில் வைத்தாலும் ஓடும். பாத்திரம் கழுவும் இயந்திரத்துக்கோ நம் சமையலறை வளைந்துகொடுக்க வேண்டியிருக்கிறது. அந்த வளைப்பைச் செய்வது எந்தப் பொறியியல் துறையும் அல்ல, இந்த ஆசாரிதான்.

மர வேலை பாதியில் இருக்கும்போதே பிளம்பர் வந்துவிட்டார். கோவையில் பல வீடுகளுக்கு இரண்டு தண்ணீர்: நல்ல தண்ணி, போர்வெல்லின் உப்புத் தண்ணி. சிங்க்கில் இரண்டு குழாயும் இருந்தன. எதில் இணைப்பது? நல்ல தண்ணி தினமும் வருவதில்லை. சின்னத் தொட்டியில் பிடித்து வைக்கிறார்கள். உப்புத் தண்ணியை நேரடியாகக் கொடுத்தால் ஸ்டீல் வட்டலிலும் கண்ணாடி டம்ளரிலும் வெள்ளைப் படலம் ஒட்டும், சூடேற்றும் கம்பியில் சுண்ணாம்பு படியும். இயந்திரத்துக்குள் நீரை மென்மையாக்கும் ரெசின் இருக்கிறது; அது கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடும். ரெசினுக்கு மறுபடி உயிர் கொடுக்கத்தான் இயந்திரத்தில் கல்லுப்பு போன்ற ஒரு தனி உப்பைப் போடுகிறார்கள். குடிநீருக்கான இந்தியத் தரநிர்ணயம் கடினத்தன்மைக்கு லிட்டருக்கு 200 மில்லிகிராமை ஏற்கத்தக்க அளவாக வைக்கிறது, வேறு நீர் இல்லாத இடத்தில் 600 வரை விடுகிறது. பரிசோதனைத் தாளை நனைத்துப் பார்த்தார்கள். போர்வெல் தண்ணீரில் தாளின் கட்டங்கள் எல்லாமே நிறம் மாறிவிட்டன. பிளம்பர் நல்ல தண்ணித் தொட்டிக்கே குழாயைக் கொடுத்தார்.

அடுத்தது அழுத்தம். பல இயந்திரங்கள் குறைந்தது அரை பார் கேட்கின்றன. அதாவது ஏறத்தாழ ஐந்து மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும் தண்ணீர். தரைத்தள வீட்டின் மொட்டை மாடியில் தொட்டியை வைத்தால் மூன்று மீட்டரே தேறும். இந்த வீட்டில் தொட்டி மாடிப்படிக் கூரையின் மேல் இருந்ததால் தப்பித்தார்கள். மின்சாரம் சிக்கலில்லை, 16 ஆம்பியர் பிளக் ஒன்றை இயந்திரத்துக்குப் பின்னால் வைக்காமல் பக்கத்து சிங்க் அலமாரிக்குள் வைத்தார் எலக்ட்ரீஷியன், கை எட்டும் இடத்தில்.

குழாய்கள் நுழைய ஆசாரி அண்ணன் பக்கப் பலகையில் வட்டத் துளை போட்டு, அறுபட்ட விளிம்பு முழுவதும் சிலிக்கோன் பூசினார். தண்ணீர் பட்டால் பலகை அங்கிருந்துதான் ஊதத் தொடங்கும். மிஞ்சிய இடைவெளியை எலி புகாமல் கம்பி வலையால் அடைத்தார். கழிவுக் குழாயை முதலில் கிரானைட் அடி வரைக்கும் தூக்கிக் கட்டி, அப்புறம்தான் சிங்க் கழிவில் இறக்கினார்கள். இல்லாவிட்டால் சிங்க்கின் அழுக்குத் தண்ணீர் இயந்திரத்துக்குள் திரும்பும்.

கம்பெனியின் டெக்னீஷியன் மாலையில் வந்தார், நல்ல பிள்ளை. கையேடு இயந்திரத்தின் மேல் பட்டையை மேசைப் பலகையில் திருகச் சொல்கிறது. இங்கே மேலே இருப்பது கல். இருவரும் பேசி, பட்டையைப் பக்கவாட்டுக்கு மாற்றி அலமாரிப் பலகைகளில் திருகினார்கள். திருகாமல் விட்டால், வட்டலும் போசியும் நிறைந்த கூடையை வெளியே இழுக்கும்போது இயந்திரமே முன்னால் சாயும். பின்னங்காலை முன்பக்கத்திலிருக்கும் திருகால் உயர்த்தலாம் என்பதை டெக்னீஷியன் காட்டியபோது, அண்ணன் குனிந்து அதை இரண்டு முறை செய்து பார்த்தார்.

பழைய கதவுப் பலகையையே இயந்திரக் கதவில் ஏற்றியது அன்றைக்கு நான் பார்த்த மிக நுட்பமான வேலை. காகித அச்சை ஒட்டி, துளை குறித்து, மாட்டித் திறந்தார். பாதியில் விட்டதும் கதவு தொப்பென்று விழுந்தது. பலகையின் எடைக்கேற்ப ஸ்பிரிங்கை இறுக்க வேண்டும். இறுக்கினார், திறந்தார், மறுபடி இறுக்கினார். கை எடுத்த இடத்தில் கதவு நிற்கும்வரை விடவில்லை. அடுத்து, திறக்கும்போது பலகையின் கீழ் விளிம்பு உள்வாங்கி ஸ்கர்ட்டிங்கில் இடித்தது. அதில் ஒரு வெட்டு. மூடியபின் எது அலமாரி, எது இயந்திரம் என்று எனக்குத் தெரியவில்லை.

டெக்னீஷியனின் படிவத்தில் இயந்திரத்தின் எண் உண்டு, தண்ணீர் அழுத்தத்துக்குக் கட்டம் உண்டு. ஆசாரிக்கு இடமில்லை. வீட்டுக்காரர் அவருக்கு ஒரு நாள் கூலியோடு கூடுதலாகவும் கொடுத்தார், மனமாரக் கொடுத்தார். ஆனாலும் அது விலையாகப் பேசப்பட்டதல்ல. இயந்திரம் விற்கும் கடைகள் பணம் வாங்குமுன் ஆசாரி ஒருவரை அனுப்பி இடத்தை அளக்க வேண்டும், அந்த அளவெடுப்புக்கும் இந்த வேலைக்கும் ரசீதில் தனி விலை இருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

கருவிகளைப் பைக்குள் போட்டுக்கொண்டே அண்ணன் அடுத்த வீட்டைப் பற்றிச் சொன்னார். வெள்ளலூர் பக்கம் புது வீடு, இன்னும் கிரானைட் போடவில்லை. "அங்க மொதல்லயே சொல்லிப்புட்டனுங்க. சிங்க்குப் பக்கத்துல அறுநூறு எடம் விட்டு, எண்ணூத்தி எழுவதுக்கு மேல கல்லு போடுங்கன்னு. அப்ப இந்த வேல ரெண்டு மணி நேரந்தானுங்க."