சங்கிலி பூட்டிய குதிரை

ஸ்காட்லாந்தின் தேசிய விலங்கு எது தெரியுமா? நெற்றியில் ஒற்றைக் கொம்பு முளைத்த வெள்ளைக் குதிரை. அப்படி ஒரு விலங்கு உலகத்தில் எங்குமே கிடையாது என்பது அந்த நாட்டாருக்கும் தெரியும். தெரிந்தேதான் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். அங்கே அதைவிடப் பிரபலமான இன்னொரு பிராணி, நெஸ் ஏரியில் வசிப்பதாகச் சொல்லப்படும் பூதம். 1934-ல் பத்திரிகையில் வெளியாகி உலகத்தை வாய் பிளக்க வைத்த அதன் புகைப்படம், பொம்மை நீர்மூழ்கிக் கப்பலின்மேல் தலையும் கழுத்தும் செய்து பொருத்தி எடுத்தது என்பது 1994-ல் அம்பலமாயிற்று. அதற்காக அந்தப் பூதத்தை யாராவது கைவிட்டார்களா? அதுதான் இல்லை. இன்றைக்கும் அது பனியனில் ஏறி, ஆயிரக்கணக்கான மார்புகளில் நீந்திக்கொண்டிருக்கிறது.

டி-ஷர்ட் என்றால்தான் இன்றைய பிள்ளைகளுக்குப் புரியும். எனக்குப் பனியன் என்றால்தான் எழுத வருகிறது.

எடின்பரோ நகரில், குன்றின் மேலிருக்கும் கோட்டையிலிருந்து ஹோலிரூட் அரண்மனை வரைக்கும் பழைய கல் வீதி ஒன்று இறங்கி வருகிறது. நம் ஊர்ச் சந்நிதித் தெருவில் குங்குமமும் வளையலும் விற்பதுபோல அங்கே தேசத்தையே விற்கிறார்கள். பெரும்பாலும் பனியனில் அச்சடித்து விற்கிறார்கள். ஊதா நிற முட்பூ, நீலத்தின்மேல் வெள்ளைப் பெருக்கல் குறி போட்ட கொடி, நெற்றி மயிர் கண்ணை மறைக்கும் மலைநாட்டு மாடு, ஒரு குலத் தலைவனின் சின்னமும் அதைச் சுற்றி வளைந்த வாரும் கொக்கியும் என்று கடைக்குக் கடை தொங்குகின்றன. சில பனியன்களில் படமே கிடையாது. ஒரே ஒரு சொல்தான். ‘ட்ரீஃ’ என்று ஒன்றைப் பார்த்தேன். மழை என்றும் சொல்ல முடியாமல், இல்லை என்றும் சொல்ல முடியாமல், வானம் மூடிக்கொண்டு நாள் முழுவதும் நசநசவென்று இருக்கிறதே, அந்தப் பொழுதுக்கு ஸ்காட்ஸ் மொழியில் அப்படிப் பெயர். அதன் கடைசி ஒலி வராமல் ஆங்கிலேயர் பலர் ‘க்’ என்று முடித்துவிடுவார்கள். நம் ஆய்த எழுத்துக்கு அது ஒன்றுவிட்ட உறவு என்று எனக்குத் தோன்றிற்று.

என்னை அழைத்துச் சென்றவள் என் நண்பரின் மகள். கிளாஸ்கோவை அடுத்த பெய்ஸ்லி என்ற ஊரில் பிறந்து வளர்ந்தவள். ஓவியம் படித்து முடித்துவிட்டுப் பனியனுக்குப் படம் வரைந்து பிழைக்கப் பார்க்கிறாள். முந்தின வாரம் அந்த வீதியில் ஒரு கடைக்குத் தன் படத்தைக் கொண்டுபோயிருந்தாள். படம் அந்தக் குதிரைதான். ஸ்காட்லாந்தின் அரசச் சின்னத்தில் இருப்பதுபோலவே கழுத்தில் கிரீடத்தையே பட்டையாக மாட்டி, அதிலிருந்து சங்கிலி ஒன்று தொங்குமாறு வரைந்திருந்தாள். கடைக்காரர் இரண்டு நிபந்தனை போட்டாராம். சங்கிலியை எடுத்துவிட வேண்டும். குழந்தைகளுக்கு வாங்குகிறவர்களுக்கு அது பிடிக்காது. படத்தின் கீழே அவள் பெயர் வரக் கூடாது. வாங்குகிறவர்கள் ஸ்காட்லாந்துக்காரர் வரைந்ததைத்தான் கேட்பார்கள். ஒப்புக்கொண்டால் அவளுடைய மூன்று மாத வாடகைக்குக் கவலை இல்லை.

“சங்கிலியை ரப்பர் போட்டு அழிச்சுடலாம், மாமா. நான் பொறந்த ஊரை எதைப் போட்டு அழிக்கிறது?” என்று கேட்டாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். ஆனால், அதற்கப்புறம் நாலு கடை தாண்டும் வரைக்கும் அவள் பேசவில்லை.

ஒரு தேசத்தின் அடையாளம் யாருக்குச் சொந்தம் என்று பார்க்கப் புறப்பட்டால், அவர்களுடைய கட்டம் போட்ட கம்பளித் துணியிலிருந்து தொடங்குவதுதான் நியாயம். டார்டன் என்பார்கள். பாவில் எந்த வரிசையில் நிற நூல்கள் வருகின்றனவோ, அதே வரிசை ஊடையிலும் வரும். ஒரு நிறம் இன்னொன்றைக் குறுக்கே கடக்கும் இடத்தில் புதிய சாயல் பிறக்கும். இரண்டு நிற நூல் போட்டால் துணியில் மூன்று சாயல். ஆறு நிறம் போட்டால் இருபத்தொன்று. இந்த வித்தை பழையது. இன்ன கட்டம் இன்ன குலத்துக்கு என்ற கணக்குத்தான் புதியது.

1746 ஏப்ரல் 16-ந் தேதி கல்லோடன் போரில் மலைநாட்டார் தோற்றார்கள். உடனே லண்டன் பார்லிமெண்டு அவர்களுடைய உடைக்கே தடை போட்டது. பட்டாளத்தில் சேர்ந்தவர் தவிர, மற்ற ஆண்பிள்ளை எவனும் மலைநாட்டு உடை உடுத்தக் கூடாது. உடுத்தினால் ஆறு மாதம் சிறை, மறுபடி உடுத்தினால் ஏழு வருஷம் கடல் கடந்த தண்டனை. 1782-ல்தான் தடை நீங்கிற்று. அதற்குள் ஒரு தலைமுறையே பழைய வழக்கத்தை மறந்துவிட்டது. மறந்த இடத்தை வியாபாரிகளும் கதாசிரியர்களும் நிரப்பினார்கள். பானக்பர்னில் இருந்த வில்சன் என்ற நெசவுக் குடும்பத்தார் 1819-ல் கட்ட மாதிரிகளைத் தொகுத்து ஒரு புத்தகமே வைத்திருந்தார்கள். 1822-ல் நாலாம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு விஜயம் செய்தார். நாவலாசிரியர் வால்ட்டர் ஸ்காட் அந்த வைபவத்தை நாடகம்போல நடத்தி வைத்தார். மன்னரே குட்டைப் பாவாடை கட்டிக்கொண்டு, உள்ளே தோல் நிறத்தில் காலுறை மாட்டிக்கொண்டு காட்சி தந்தார். 1842-ல், இளவரசர் சார்லஸின் பேரர்கள் என்று சொல்லிக்கொண்ட சகோதரர் இருவர், பழைய சுவடியில் கண்டதாகச் சொல்லிக் குலவாரியாகக் கட்டங்களைப் பதிப்பித்தார்கள். சுவடி போலி. அந்தக் கட்டங்களில் பல இன்றைக்கும் வழக்கில் இருக்கின்றன!

அப்படியானால் எல்லாம் புரட்டா என்று கேட்கலாம். நான் அப்படி நினைக்கவில்லை. கதை எழுதிப் பிழைக்கிற எனக்கு அப்படிச் சொல்ல நாக்கும் வராது. இருநூறு வருஷமாக ஒரு துணியை மணமேடையிலும் மயானத்திலும் போர்க்களத்திலும் உடுத்திய பிறகு, அது அவர்களுடையதுதான். முதலில் அதற்குப் பெயர் வைத்தவன் பொய்யனாக இருந்தால் என்ன? உடுத்தியவர்களின் கண்ணீர் பொய்யில்லையே.

என் மனம் உறுத்துவது வேறு இடத்தில். மன்னர் கட்டம் போட்ட துணி உடுத்தி வந்ததற்கு மூன்று வருஷம் முன்னால், 1819-ல், வடக்கே ஸ்ட்ராத்நேவர் பள்ளத்தாக்கில் குடியானவர்களை வெளியேற்றி வீடுகளுக்குத் தீ வைத்தார்கள். ஆடு மேய்ந்தால் நிலத்துக்கு வரும்படி அதிகம் என்பதுதான் காரணம். போனவர்கள் கடற்கரைக்கும் கனடாவுக்கும் போனார்கள். அவர்களோடு அவர்கள் பேசிய கேலிக் மொழியும் போயிற்று. 2022 குடிக்கணக்கில் அந்த மொழியில் ஓரளவாவது பழக்கம் உண்டு என்று சொன்னவர்கள் நூற்றுக்கு இரண்டரைப் பேர்தான். கல் வீதியில் தொங்கும் பனியன்களில் மாடு இருக்கிறது, மலை இருக்கிறது. அந்த மலையில் மனிதர்கள் இல்லாமற் போனது எப்படி என்பதை நான் ஒன்றிலும் பார்க்கவில்லை. அழகை மட்டும் வைத்துக்கொண்டு வலியை வழித்துவிட்டால் அதற்குப் பெயர் பாரம்பரியமா, அலங்காரமா?

ஆகவே, சங்கிலி விஷயத்தில் நான் குழந்தையின் கட்சி. அது ஆங்கிலேயன் மாட்டிய விலங்கு என்று சிலர் நினைக்கிறார்கள். இரு நாட்டுக்கும் ஒரே மன்னர் என்று ஆனது 1603-ல். பதினைந்தாம் நூற்றாண்டின் கடைசியில், ஸ்காட்லாந்தின் மூன்றாம் ஜேம்ஸ் மன்னர் அடித்த தங்கக் காசிலேயே அந்தக் குதிரைக்குச் சங்கிலி உண்டு. யாராலும் பிடிக்க முடியாத விலங்கு அது, அதையும் எங்கள் அரசன் கட்டி வைத்தான் என்பது அதன் பொருள் என்பார்கள். பெருமையும் அடக்குமுறையும் ஒரே கழுத்தில் தொங்குகின்றன. அதை அழித்துவிட்டால் மிஞ்சுவது மிட்டாய்க் கடைக் குதிரை.

இரண்டாவது நிபந்தனைக்கு அந்த நாட்டுச் சட்டமே பதில் வைத்திருக்கிறது. 2008-ல் நிறைவேறிய சட்டத்தின்படி டார்டன்களுக்கென்று சர்க்கார் பதிவேடு ஒன்று இருக்கிறது. கட்டம் புதியதாக இருந்து, வைக்கும் பெயருக்கும் உங்களுக்கும் தொடர்பு உண்டு என்று காட்டினால் யாரும் பதிவு செய்யலாம். பூட்டனாரின் ஊரை விசாரிப்பதில்லை. சிங் என்ற பெயரில் ஒரு கட்டம் இருக்கிறது. யூதர்களுக்கென்று ஒன்று இருக்கிறது. சட்டம் திறந்த கதவைக் கடைக்காரர் சாத்துவானேன்?

இதையெல்லாம் அவளிடம் சொல்லிக்கொண்டே பெய்ஸ்லிக்கு ரயிலேறினேன். அந்த ஊரின் பெயர் நமக்குப் புதிதென்று நினைக்க வேண்டாம். காஞ்சிபுரம் பட்டில் நாம் மாங்காய் என்று சொல்லும் சித்திரத்துக்கு உலகம் வைத்திருக்கும் பெயர் பெய்ஸ்லி. காஷ்மீரத்துச் சால்வைகள் கப்பலேறி ஐரோப்பாவுக்குப் போய்ப் பிரபுக்களின் வீட்டில் மதிப்புப் பெற்றன. அவற்றைப் பார்த்து 1805-ஐ ஒட்டி இந்த ஊர்த் தறிகள் நெய்யத் தொடங்கின, மலிவாக நெய்தன, 1870-களில் நாகரிகம் மாறும் வரைக்கும் ஊரே அதில் சாப்பிட்டது. பெய்ஸ்லி நெசவாளியும் ஏழைதான். அவன் கை வேலையும் நல்ல வேலைதான். அவன் பார்த்து நெய்ததில் எனக்குக் கோபம் இல்லை. ஆனால், ஒரு சால்வைக்காக மாதக்கணக்கில், சில சமயம் வருஷக்கணக்கில் உட்கார்ந்து நெய்த காஷ்மீரத்தான் பெயர் எங்கே போயிற்று? சித்திரம் உலகம் சுற்றுகிறது. அவன் பெயர் ஊர் தாண்டவில்லை.

“அப்போ பேரைப் போட்டுடறேன், மாமா” என்றாள் பெண்.

போட்டாள். சங்கிலியின் கடைசி வளையத்துக்குக் கீழே, எறும்பு ஊர்ந்ததுபோலச் சிறிய எழுத்தில் போட்டாள். கடைக்காரர் அந்தப் படத்தை எடுத்துக்கொள்ளவில்லை. வீட்டிலேயே சட்டம் கட்டி, மை தேய்த்து அச்சடித்து, சனிக்கிழமைச் சந்தையில் விரித்து விற்கிறாள். வாடகைக்கு இன்னும் அப்பாவிடம்தான் கை நீட்டுகிறாள் என்று நண்பர் எழுதியிருக்கிறார். அவர் எழுத்தில் அலுப்பு இருந்தது. பெருமையும் இல்லாமல் இல்லை.