பக்கைத் துரத்தாதே

ஐஸ் ஹொக்கி கேமில் எதிராளி பக்கோடு எங்கட பக்கம் வரும்போது கை முதலில் தேடுவது பட்டனைத்தான். வலது ஸ்டிக்கை மேலே தள்ளினால் உடம்பால் இடிக்கலாம். ஆர்1 ஐத் தட்டினால் மட்டையை நீட்டிப் பக்கைத் தட்டிவிடலாம். இரண்டும் பார்க்க நல்லாத்தான் இருக்கும், பட்டால். இடி படாவிட்டால் எங்கட ஆள் தன்ர வேகத்திலேயே அங்கால சறுக்கிப் போய்விடுவான், எதிராளி திறந்துகிடக்கிற வழியால் நேரே கோலுக்குப் போவான். மட்டை பக்கில் படாமல் காலில் பட்டால், ஆளை விழுத்தினதுக்கு இரண்டு நிமிடம் தண்டனைப் பெட்டிக்குள் இருக்கவேண்டும்.

என்எச்எல் கேம்களில் நல்ல பாதுகாப்பு என்பது பெரும்பாலும் ஒன்றையும் அமத்தாமல் இருப்பதுதான். இதை நம்பவைக்கிறதுக்குக் கொஞ்சம் கதைக்கவேண்டும்.

என்னட்ட இருப்பது ஒரு பழைய பிளேஸ்டேஷன் 4. ஸ்காபுரோவில் இருக்கிற பெரியம்மாவின் மகன் இங்க வந்து நின்றபோது விட்டுட்டுப் போனது. நான் ஐஸைக் கண்டது ஃபிரிட்ஜுக்குள் மட்டும்தான். அதனால் முதலில் விளங்காத விஷயம், ஐஸில் ஓடுகிற ஆள் நினைத்த இடத்தில் நிற்கமாட்டான் என்பது. திரும்புவதற்கும் ஒரு வளைவு வேணும். 200 அடி நீளம், 85 அடி அகலமான தளத்தில் பக்கைத் துரத்திக்கொண்டு போனால், அவன் ஒருக்கா வெட்டித் திரும்பினாலே நாங்கள் ஆட்டத்துக்கு வெளியில். அதனால்தான் பாதுகாப்பு ஆட்டக்காரர் பின்பக்கமாகச் சறுக்குகிறார். எல்2 ஐ அமத்திப் பிடித்தால் எங்கட ஆள் பக்கைப் பார்த்தபடியே பின்னுக்குப் போவான். எதிராளிக்கும் எங்களுக்கும் இடையில் ஏறக்குறைய ஒரு மட்டை நீளம் இருக்கவேண்டும். அதைவிடத் தள்ளிப்போனால் அவன் ஆறுதலாகக் குறிபார்ப்பான், கிட்டப்போனால் ஒரு ஆட்டு ஆட்டிவிட்டுக் கடந்துபோவான். நிற்கிற இடமும் தளத்தின் நடுப்பக்கமாக இருக்கவேண்டும். அப்பதான் அவன் சுவரோரமாகப் போவான். போகட்டும். கோல் 6 அடி அகலம்தான். ஓரத்திலிருந்து பார்த்தால் அதையும் கோல் காப்பாளர் மறைத்துக்கொண்டு நிற்பார்.

இதை நான் படித்ததுக்குக் காரணம் லாக். அண்ணாவும் நானும் ஒன்லைனில் விளையாடுவது அங்க சனி இரவு பத்து மணிக்கு, இங்க ஞாயிறு காலை ஏழரைக்கு. நான் அமத்துவதற்கும் அது திரையில் நடப்பதற்கும் இடையில் ஒரு சின்ன இழுபடுதல். பக்கைத் தட்டிப் பறிக்கிற வேலையெல்லாம் அதில் அநேகமாகக் காலில்தான் முடியும். முன்கூட்டியே போய் ஓரிடத்தில் நிற்பதை மட்டும் லாக்கால் ஒன்றும் செய்யேலாது.

நிஜ ஹொக்கியில் இதற்கு ஒரு பெயர் இருக்கிறது: நிக்லஸ் லிட்ஸ்ட்ரொம். ஸ்வீடன்காரர், டெட்ரொய்ட் ரெட் விங்ஸுக்கு 20 பருவம் விளையாடினார், சிறந்த பாதுகாப்பு ஆட்டக்காரருக்கான நொரிஸ் கிண்ணத்தை 7 தரம் எடுத்தார். இடித்துப் பேரெடுத்த ஆள் இல்லை. மற்றப் பக்கம் ஸ்கொட் ஸ்டீவன்ஸ். 2000 ஆம் ஆண்டு அவர் எரிக் லின்ட்ரொஸை இடித்து விழுத்தியதை இன்றைக்கும் யூடியூப்பில் பார்க்கலாம். லின்ட்ரொஸுக்குத் தலையில் அடி. கேம் விளையாடுகிற எல்லாருக்கும் ஸ்டீவன்ஸ் ஆக ஆசை. லிட்ஸ்ட்ரொம் வீடியோ போட்டுக் காட்டினால், ‘இதில என்ன நடந்தது?’ என்று கேட்பார்கள்.

சரியான சோதனை, இரண்டு பேர் வர நான் ஒருத்தர் மட்டும் நிற்கிறபோது. மனம் பக்கு வைத்திருக்கிறவனிடம் போகச் சொல்லும். போகக்கூடாது. அவனைக் கோல் காப்பாளரிடம் விட்டுவிட்டு, ஆர்1 ஐப் பிடித்து மட்டையைத் தரையோடு குறுக்கே நீட்டி, மற்றவனுக்குப் போகிற பாஸை மறிக்கவேண்டும். கோல் வாசலுக்குக் குறுக்கே பாஸ் போய், வந்த வேகத்திலேயே அடித்தால் காப்பாளர் அந்தப் பக்கம் நகர்ந்து வருவதற்குள் கோல். இந்தக் கேமில் நம்பி அடிக்கிற கோலே அதுதான். ஆனாலும் கம்ப்யூட்டர் ஓட்டுகிற ஒரு காப்பாளரை நம்பி அடிக்கிறவனை விட்டுவிட்டு நிற்கிறது லேசில்லை.

அண்ணாவுக்கு நான் இப்படி நிற்கிறது பிடிக்காது. பக்கை என்ர கோலுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, ‘வாவன், வந்து எடன்’ என்பார். ‘நீங்க வெளியில வாங்க அண்ணா’ என்பேன். ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம் அப்படியே போகும். அந்த நேரத்தில்தான் நாங்கள் கதைக்கிறது. ஒரு ஞாயிறு அப்படி அங்கயும் இங்கயும் சறுக்கிக்கொண்டே, கம்பஸை விட்டுட்டேன், இப்ப ஒரு களஞ்சியத்தில் இரவு வேலை, பெரியம்மாவுக்கு இன்னும் தெரியாது என்றார். ஏன் என்று என்ர வாயில் வந்தது. கேட்கவில்லை. என்ர ஆளையும் கோல் வாசலை விட்டு அசைக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் மிச்சத்தையும் அவரே சொன்னார். பீரியட் முடிந்ததும் இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

அவருடைய நண்பர்கள் என்ர ஆட்டத்தை அலுப்பு என்கிறார்கள். ஒருத்தர் பெட்டிக்குள் போய் நாலு பேர் ஐந்து பேரை மறிக்கிற அந்த இரண்டு நிமிடத்தைவிடப் பதற்றமான ஒன்றை நான் கேமில் காணவில்லை. நாலு பேரும் சதுரமாக நிற்கவேண்டும். நீலக்கோட்டடியில் நிற்கிறவன் பக்கைக் காட்டி ஆசைகாட்டுவான். ஒருத்தர் வெளியில் போனாலும் சதுரம் உடைந்தது. பக்கு கைக்கு வந்தால் யோசிக்காமல் மற்றத் தொங்கலுக்கு அடித்துவிடலாம், ஆள் குறைந்த அணிக்கு ஐசிங் விசில் இல்லை. எதிராளி திரும்பிப்போய் அதை எடுத்துவர எப்படியும் பத்துப் பதினைந்து விநாடி ஓடிவிடும்.

போன ஞாயிறு மூன்றுக்கு இரண்டு, அண்ணா வென்றார். அவற்ற மூன்றில் இரண்டு அந்தக் குறுக்குப் பாஸில் போனது.