ராமானுஜம் கப்பல் ஓடிய காலம்

கல்முனைக்குடியில் கச்சான் காற்று அடிக்கும் மாதங்கள் உங்களுக்கு ஞாபகமிருக்கும். வயல் பக்கமிருந்து சூடாக ஊதி, முற்றத்து மணலைக் கிளப்பி, கொடியில் காயும் சாரன்களைப் பிய்த்துக்கொண்டு கடலுக்குப் போகும். அந்த நாட்களில் கடல் குளத்துத் தண்ணீர் மாதிரி அடங்கிக் கிடக்கும். சுபஹு பாங்குக்குப் பிறகு கரைவலைக்காரர்களின் அம்பாப் பாட்டுக் கேட்கும். வலை ஏறியதும் கீரியும் சூடையும் மணலில் துடிக்கும். ஓலைக் கூடையோடு பிள்ளைகள் ஓடுவோம். கேட்காமலே ஒரு கை அள்ளிப் போட்டு அனுப்புவார்கள்.

அக்கரைத் தமிழ்நாட்டிலும் நம்முடைய ஆட்கள்தான் என்று சொல்லியே எங்களை வளர்த்தார்கள். கடற்கரைப் பள்ளியில் கொடியேறுவது நாகூர் ஆண்டகையின் பேரில்தானே. கொடியேற்ற நாட்களில் மஸ்கட் கடைகளும் வளையல் கடைகளும் மணலில் முளைக்கும். கடைசியில் கந்தூரிச் சோற்றின் நெய் மணம் தெருவெல்லாம் நிற்கும். எங்கள் மூத்தம்மா நாகூரைக் கண்டதில்லை. ஆனாலும் பக்கத்து ஊரைப் பற்றிப் பேசுவது போலத்தான் அதைப் பற்றிப் பேசுவார். நான் சென்னைக்குப் படிக்கப் புறப்பட்ட அன்று, “நாகூருக்குப் போனா எண்ட பேரால ஒரு ஃபாத்திஹா ஓதுங்க மனே” என்று தலையைத் தடவி அனுப்பினார்.

அது எழுபதுகளின் கடைசி. 78 சூறாவளியில் தலை முறிந்த தென்னைகள் ஊரில் இன்னும் மொட்டையாக நின்றன. மட்டக்களப்புக்கு பஸ், அங்கிருந்து ரயில், மாகோவில் இறங்கி மாறி மன்னார்ப் பாதை, தலைமன்னார் இறங்குதுறையில் ராமானுஜம் கப்பல். உம்மா கட்டித் தந்த மாசிச் சம்பல் போத்தலும், விற்றுக் கைச்செலவுக்கு வைத்துக்கொள்ளக் கொஞ்சம் கராம்பும் பெட்டிக்குள் இருக்கும். பாக்கு நீரிணையைத் தாண்டினால் ராமேஸ்வரம். பிறகு பாம்பன் பாலம், இரவு முழுக்க ரயில், விடிந்தால் எழும்பூர். அந்த வழியால் போனவர்களுக்கு ரயில் கரியும் உப்புக்காற்றும் கலந்த அந்த வாசம் இன்னும் மூக்கில் இருக்கும்.

புதுக்கல்லூரி விடுதியில் நாங்கள் ஊர்ப் பெயரால்தான் ஒருவரையொருவர் கூப்பிடுவோம். மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர், நான் குடி. ஒரு விடுமுறை நாளில் பட்டணத்தை முழுக்கச் சுற்றிப் பார்ப்பது என்று விடியவே புறப்பட்டோம்.

முதலில் திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசல். 1795-இல் எழுப்பியது. மரமோ இரும்போ சேர்க்காமல் கருங்கல்லாலேயே கட்டியது. வெயில் ஏறிய பிறகும் அந்தக் கல்லில் கால் குளிரும். ஹவுளில் வுழூ செய்துகொண்டிருந்த பெரியவர் ஒருவர் எங்களை உள்ளே அழைத்துப்போய், பாரசீக எழுத்து வெட்டிய கல்லைக் காட்டினார். பள்ளி கட்டிய ஆண்டைச் சொல்லும் அந்த வாசகத்தை இயற்றியவர் ராஜா மக்கன் லால் என்ற இந்து அறிஞர் என்றார். பக்கத்துப் பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயில் தீமிதிப்புக்கு நம்மூர் ஆட்களும் கூட்டமாய்ப் போய் நின்ற காலம் அது. எங்களுக்கு அந்தக் கல் ஆச்சரியமாக இல்லை, ஊர் ஞாபகமாகத்தான் இருந்தது.

அங்கிருந்து பல்லவன் பஸ்ஸில் மூர் மார்க்கெட். சிவப்புக் கட்டடம், வளைவு வளைவாய் நடை. பழைய புத்தகத் தூசியும் கூட்டில் அடைத்த கிளிகளின் வாடையும் ஒன்றாக அடிக்கும். நிந்தவூர் புத்தகக் குவியலுக்குள் குந்தியவன் லேசில் எழும்பவில்லை. மருதமுனை, சாரன் விற்கிற கடையில் நின்றான். நெசவுக்காரர் மகன். துணியின் விலையைக் கேட்கவில்லை. கரையைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்து நெருடினான், திருப்பி வெளிச்சத்தில் பிடித்தான், ஓர் இழையை நகத்தால் தள்ளிப் பார்த்தான். “இது மெஷின் நெசவு. கைத்தறியில இறங்கினதில்ல” என்றான். கடைக்காரர் கோபிக்கவில்லை. “தறிக்காரப் பிள்ளையா தம்பி?” என்று கேட்டு, எங்கள் எல்லோருக்கும் டீ வரவழைத்தார். பிறகு அவனோடு பாவு ஓடுவதைப் பற்றியும் சாயம் காய்ச்சுவதைப் பற்றியும் பேசிக்கொண்டே இருந்தார். மார்க்கெட்டுக்குப் பக்கத்திலேயே மிருகக்காட்சிசாலை இருந்தது. பட்டணத்துக்காரர் அதை உயிர் காலேஜ் என்பார்கள், எழும்பூர் மியூசியத்தைச் செத்த காலேஜ் என்பார்கள். இரண்டு காலேஜையும் பார்த்து முடிக்க லுஹரும் தாண்டிப் பசி வயிற்றைப் பிடித்தது.

மவுண்ட் ரோடு புஹாரியில் பிரியாணி. பரிமாறியவர் எங்கள் பேச்சைக் கேட்டதும், “சிலோனா தம்பி?” என்றார். அடுத்த கேள்வி என்னவென்று உங்களுக்குத் தெரியும். இலங்கை வானொலி! அப்துல் ஹமீதின் குரல் தமிழ்நாட்டுத் தேநீர்க் கடைகளில் எல்லாம் ஒலித்த காலம். சாய்ந்தமருதுக்கு வானொலிக் குரல்கள் அத்தனையும் வரும். கை கழுவிவிட்டு வந்து, ஓர் அறிவிப்பை அப்படியே சொல்லிக் காட்டினான். பக்கத்து மேசைகள் பேச்சை நிறுத்தின. கல்லாவில் இருந்தவர் எழும்பி வந்து அவன் தோளில் கைவைத்தார். அன்று எங்களை யாரும் பிற தேசத்துப் பிள்ளைகளாகப் பார்க்கவில்லை. குரலால் முன்பே அறிமுகமான வீட்டுப் பிள்ளைகளாகத்தான் பார்த்தார்கள்.

அந்திக்கு மெரினா. 1977-இல் திறந்த புதுக் கலங்கரை விளக்கத்தில் ஏறித் தென்திசையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். சுண்டல்காரப் பையன்களின் கூவல், குதிரைச் சாணம், சோளம் சுடுகிற புகை. மணலில் வரிசையாக நின்று மஃரிபு தொழுதோம். “மச்சான், இதே தண்ணிதான் நம்மட கரையிலயும் அடிக்கும்” என்றான் சாய்ந்தமருது. யாருக்கும் விடுதிக்குத் திரும்ப மனமில்லை. கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடினோம்.

மறுகா எல்லாம் ஒன்றொன்றாய்ப் போனது. போர் மூண்டு 1984-இல் கப்பல் நின்றது. அடுத்த வருஷம் மே மாதம் மூர் மார்க்கெட் தீப்பிடித்து எரிந்தது. உயிர் காலேஜும் அதே வருஷம் வண்டலூருக்குப் போனது. 2004 டிசம்பர் 26 காலையில், சாய்ந்தமருது அன்று மெரினாவில் சொன்ன அதே தண்ணீர் சுனாமியாய் இரண்டு கரையிலும் ஏறியது. மெரினாவில் நடந்துகொண்டிருந்தவர்களையும் நாகூர்க் கரையையும் அடித்த அலைதான் நம்மையும் அடித்தது. இலங்கையில் அம்பாறை மாவட்டம்தான் மிகக் கூடுதலான உயிர்களைக் கொடுத்தது. கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மருதமுனைக் கரையோர வளவுகளில் எந்த வீடு யாருடையது என்று சொல்லவே ஆளில்லாமல் போனது. படிப்பு முடித்து ஊருக்கு வந்து, வகுப்பில் பிள்ளைகளுக்கு வானொலிக் குரலில் பாடம் நடத்திய எங்கள் சாய்ந்தமருதும் அன்று போய்விட்டான்.

தலைமன்னார் வரை ரயில் 2015-இல் மறுபடி ஓடத் தொடங்கியது. அதிலிருந்து இறங்கி ஏற ராமானுஜம் இல்லை. நம் பேரப்பிள்ளைகள் கட்டுநாயக்காவில் விமானம் ஏறி எங்கெங்கோ படிக்கப் போகிறார்கள். போகட்டும், நன்றாகப் படிக்கட்டும். ஆனால் அக்கரையில் ஒரு கடைக்காரர் டீ வரவழைத்துத் தறிக்கதை பேசக் காத்திருக்கிறார் என்பது அவர்களுக்குத் தெரியாது. கொடியேற்றத்தில் நிற்கிற பிள்ளையிடம் நாகூர் எந்தப் பக்கம் என்று கேட்டால் விழிக்கிறது. பாஸ்போர்ட்டும் விசாவும் வைத்துக்கொண்டு போனபோதும் நமக்கு அக்கரை வெளிநாடாக இருந்ததில்லை. ஊரிலேயே பிறந்து ஊரிலேயே வளர்கிற இவர்களுக்குத்தான் அது வெளிநாடாகிவிட்டது.