அண்ணனின் தூண்டில்

நீலகிரியில் தோட்டப் பணியாற்றி மறைந்த என் அண்ணன், தம் ட்ரவுட் தூண்டிலை எனக்கு விட்டுச்சென்றார். 1907-இல் தொடங்கிய அவலாஞ்சிப் பொரிப்பகத்து வானவில் ட்ரவுட்டும், அமெரிக்காவில் கடலுக்குச் சென்று ஆற்றுக்கு மீளும் ஸ்டீல்ஹெட்டும் ஓரினமே. அவற்றைப் பிடிக்க, இறகால் கட்டிய பொய் ஈயை வீசுவர். எடையற்ற அந்த ஈயைத் தொலைவுக்குக் கொண்டு செல்வது தடித்த கயிற்றின் கனமே.

திண்டுக்கல் குளத்திலோ ட்ரவுட் ஏது? மண்புழுவைக் கோத்து அவ்வாறே வீசினேன். புழு கழன்று விழுந்தது.

“கம்பு நல்ல கம்பு, சாமி. கயித்த மாத்துங்க” என்றார் கரையிலிருந்த முதியவர்.

அண்ணன் சுற்றிய கயிற்றை அவிழ்க்கையில் என் கை நடுங்கிற்று. மெல்லிய நைலான் நரம்பும், தக்கையும், சிறு ஈயக்குண்டும் இணைத்தேன். அந்திக்குள் மூன்று கெண்டைகள் கிடைத்தன.

அன்பரே, மறைந்தோர் விட்டுச்சென்ற பொருளைத் தேவைக்கேற்ப மாற்றிப் பயன்கொள்வதும் அவரைப் போற்றுவதே.