சாமந்திக்குள் ஒரு சிறு குடும்பம்

தூத்துக்குடி என்றதும் முத்து நினைவுக்கு வரும். இவ்வாண்டு எங்களுக்கோ உள்ளங்கையில் அடங்கும் ஒரு மீன்தான் நினைவுக்கு வருகிறது!

"மன்னார் வளைகுடாவில் வாழும் உயிர் ஒன்றைப் பற்றி எழுதி வாருங்கள்" என்று அறிவியல் ஆசிரியையான சிஸ்டர் கூறினார்கள். நாங்கள் ஐவரும் கோமாளி மீனைத் தேர்ந்தெடுத்தோம். எங்கள் தோழி ஒருத்தியின் தாத்தா சங்கு குளித்தவர். நூல்களில் படித்துக் குறித்துக்கொண்டு அவரிடம் சென்றோம்.

நம் கடலில் உள்ள கோமாளி மீனின் அறிவியற் பெயர் ஆம்பிபிரியான் செபே. உடல் கரும்பழுப்பு, வால் மஞ்சள். உடலில் இரண்டு வெண்பட்டைகள், வெள்ளை ரிப்பன் கட்டிய நம் பள்ளிச் சிறுமியரைப் போல! இதன் வீடு கடற்சாமந்தி. பெயர்தான் மலர், உண்மையில் அது கொட்டும் விலங்கு. மற்ற மீன்கள் நெருங்க அஞ்சும். கோமாளி மீனையோ அதன் உடலிலுள்ள வழவழப்பான பூச்சு காக்கிறது.

இக்குடும்பத்தில் மிகப் பெரியது தாய். தாய் இறந்தால் தந்தையே பெண்ணாக மாறிவிடுகிறது. என்னே விந்தை! சாமந்தியின் அருகிலுள்ள கல்லைத் துப்புரவாக்கி, அதில் நூற்றுக்கணக்கான முட்டைகளை ஒட்டி வைக்கும். தந்தை துடுப்பால் விசிறி, கெட்ட முட்டைகளை அகற்றி, இரவும் பகலும் காவல் இருக்கும். ஏறக்குறைய ஒரு வாரத்தில், இருள் சூழ்ந்த பின் குஞ்சுகள் வெளிவரும்.

இதைப் படித்துக் காட்டியபோது தாத்தா நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அந்தப் பவளக்கல்லைத்தான் பிள்ளைகளா, நாங்க வள்ளம் வள்ளமா ஏத்திட்டு வந்தோம். பாதி சுண்ணாம்புக் காளவாய்க்கு, பாதி வீடு கட்ட. அதுல ஒரு குடும்பம் குடியிருந்தது யாருக்குத் தெரியும்?" என்றார். நாங்கள் சாய்ந்திருந்த சுவரே அந்தக் கல்தான்!

அவரைக் குறைகூற எங்களுக்கு வாயில்லை. அந்தக் கூலியில்தான் எங்கள் தோழியின் தாயார் படித்தார்.

பவளப்பாறை அலையின் வேகத்தைத் தணிப்பது. அதை வெட்டியதால் தீவுகளும் தேய்ந்தன. விலாங்குசல்லித் தீவு மூழ்கிப் போயிற்று. 2001-இல் பவளங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு கிடைத்தது. தேய்ந்துவந்த வான்தீவைக் காக்க, 2015 முதல் அதனருகே செயற்கைப் பாறைகள் இறக்கப்பட்டன.

விடைபெறும்போது தாத்தா, "கல்லை மறுபடி கடலில் போடுகிறார்களாமே, மீன் வருமா?" என்று கேட்டார். "வரும் தாத்தா" என்றோம். அந்தச் சொல்லைக் காப்பது இனி எங்கள் பொறுப்பு.

– பத்தாம் வகுப்பு மாணவி