இரும்புப் பெட்டியில் பிழைத்தவள்

பிரேசில் நாட்டின் ரியோ டி ஜெனிரோ நகரில், போவா விஸ்தா பூங்காவின் மேட்டில் ஏறினால், புனித கிறிஸ்தோபரின் பெயர் தாங்கிய அரண்மனை நம்மை எதிர்கொள்ளுகிறது. பேரரசர்கள் வாழ்ந்த இம்மாளிகையில் 1892 முதல் அந்நாட்டின் தேசியப் பொருட்காட்சிசாலை இடம் பெற்றிருந்தது. முகப்பின் பொலிவைக் கண்டு நாம் ஏமாறலாகாது. அது 2022-இல் புதுப்பிக்கப்பட்டதாகும்.

2018 செப்டம்பர் 2, ஞாயிற்றுக்கிழமை. பார்வையாளர் யாவரும் சென்றபின் மூண்ட தீ, இரவு முழுவதும் எரிந்து, மாளிகையின் உட்புறத்தை அழித்தது. கூட்ட அறையிலிருந்த குளிர்சாதனக் கருவி ஒன்றில் நெருப்புப் பிறந்ததெனக் காவல்துறையின் ஆய்வு பின்னர் கண்டது. விரைந்து வந்த தீயணைப்புப் படையினர் அருகிலிருந்த குழாய்களைத் திறந்தபோது போதிய நீர் வரவில்லை; வண்டிகளில் நீர் கொண்டுவரும் வரை நெருப்பு காத்திருக்குமா? தீத்தடுப்பையும் உள்ளடக்கிய சீரமைப்புக்கென அவ்வாண்டு ஜூன் மாதத்திலேயே நிதி ஒப்பந்தம் கையெழுத்தாகியிருந்தது என்பதை எண்ணும்போதுதான் நெஞ்சு வேகிறது.

அங்கே உறங்கியவர்களில் ஒருத்தி எகிப்தியப் பாடகி ஷா-அமுன்-என்-சு. 1876-இல் பேரரசர் இரண்டாம் பேதுருவுக்குப் பரிசாக வந்த அவளது மரப்பேழையை யாரும் திறந்ததே இல்லை. பல நூற்றாண்டுகளைக் கடந்த அந்த உடலும் பேழையும் ஒரே இரவில் சாம்பலாயின.

மற்றொருத்தி லுசியா. நம் இல்லங்களில் லூசியம்மாள் என வழங்கும் பெயரே அது. எனினும், எத்தியோப்பியாவில் கிடைத்த லூசி என்னும் தொல் எலும்புக்கூட்டை நினைந்தே அறிஞர் இப்பெயரைச் சூட்டினர். ஏறத்தாழ 11,500 ஆண்டுகளுக்கு முன், இருபது வயதைச் சற்றே கடந்து மாண்ட இப்பெண்ணின் எலும்புகளை, 1970-களில் மீனாஸ் ஜெராயிஸ் மாநிலத்துக் குகையொன்றில் பிரெஞ்சு அகழ்வாய்வாளர் அன்னெத் லாமிங்-எம்பெரேர் அம்மையாரின் குழுவினர் கண்டெடுத்தனர். அமெரிக்கக் கண்டங்களில் கிடைத்த மிகப் பழைய மனித எச்சங்களுள் இதுவும் ஒன்று.

லுசியாவும் எரிந்துபோனாள் என்றே நாட்டினர் துயருற்றனர். ஆனால் அவளது மண்டையோட்டை ஓர் உலோகப் பெட்டியிலிட்டு, அலமாரிக்குள் வைத்திருந்தார்கள். மதிப்பு மிக்க கலைவேலைப்பாடு எதுவும் அதில் இல்லை, சாதாரண இரும்புதான். கூரையும் தளங்களும் மேலே சரிந்து விழுந்தபோதும் அப்பெட்டி தாங்கிக்கொண்டது. வெப்பத்தில், எலும்புத் துண்டுகளை ஒட்டியிருந்த பசை உருகி, மண்டையோடு துண்டு துண்டாய்ப் பிரிந்திருந்தது. இடிபாடுகளைப் பொறுமையுடன் சலித்தவர்கள் நெற்றி, மூக்குப் பகுதி, தொடை எலும்பின் ஒரு துண்டு ஆகியவற்றை மீட்டனர். அவ்வாண்டு அக்டோபர் மாதத்தில், மீட்கப்பட்ட மண்டையோட்டுத் துண்டுகளில் சுமார் எண்பது விழுக்காட்டை அடையாளம் கண்டுவிட்டதாக அறிவித்தார்கள்.